வெல்லாத வண்டியும் வென்ற வீரர்களும்

கந்தளாய் ஊடாகத் திருகோணமலை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் என்பது விளையாட்டுக்கான பொருளன்று. குளத்து நீர் பாயும் வயலைப் பார்க்கச் செல்லும் விவசாயிக்கும், பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், திருகோணமலையிலிருந்து மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வரும் வியாபாரிக்கும் அதுவே வாகனம். பல குடும்பங்களுக்கு வீட்டுக்கும் நிலத்துக்கும் அடுத்த பெரிய சொத்தும் அதுவே. 2020ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தளர்த்தப்படும் வரை, இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. வலுவிழந்த எஞ்சினை வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவது எத்தகையது என்பதை எமது கராஜ்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வீதியில் ஓடும் பஜாஜ், ரி.வி.எஸ்., ஹீரோ ஆகிய இந்திய வண்டிகளின் பெயர்கள் சிறுவர்களுக்கும் மனப்பாடம். மஹிந்திரா என்ற பெயரோ எமக்கு ஜீப்பையும் உழவு இயந்திரத்தையுமே நினைவூட்டும். ஆயினும், உலக மோட்டார் சைக்கிள் பந்தயக் களத்தில் தனது பெயரிலான வண்டியுடன் இறங்கி, ஏழு பருவகாலங்கள் போராடிய இந்திய நிறுவனம் அந்த மஹிந்திராவேயாகும். 2011இல் தொடங்கி 2017இல் முடிந்த அப்போராட்டத்தில் அந்த வண்டி பெரும்பாலும் தோற்றது. அதை ஓட்டிய இளைஞர்களோ பின்னர் உலகத்தையே வென்றனர்.

இது மிகைக்கூற்று அன்று. 2024ஆம் ஆண்டு நவம்பரில் பார்சிலோனாவில் முடிவடைந்த மோட்டோ ஜிபி உலகச் சம்பியன் போட்டியில் முதலிடத்துக்காக இறுதிப் பந்தயம் வரை மோதியவர்கள் இருவர். ஒருவர் ஸ்பெயினின் ஜோர்ஜ் மார்ட்டின், மற்றவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ பக்னாயா. மார்ட்டின் 508 புள்ளிகள், பக்னாயா 498 புள்ளிகள். இவ்விருவரும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒரே அணியில், ஒரே வகை வண்டியில், அருகருகே அமர்ந்து பழகியவர்கள். அந்த வண்டி மஹிந்திரா. இதே களத்தில் பயின்ற மற்றொருவரான மார்கோ பெட்செக்கி 2023, 2025ஆம் ஆண்டுகளில் உலகத் தரவரிசையில் மூன்றாமிடம் பெற்றார். மிகேல் ஒலிவேரா, பிராட் பிண்டர் ஆகியோரும் மஹிந்திராவிலிருந்து சென்று மோட்டோ ஜிபி பந்தயங்களை வென்றவர்களே.

அப்படியாயின் மஹிந்திரா ஏன் வெல்லவில்லை, வெல்லத் தொடங்கிய வேளையில் ஏன் விலகிச் சென்றது, அங்கு கற்கப்பட்ட பாடம் யாரிடம் தங்கியது என்ற கேள்விகள் எழுகின்றன. இவை பந்தய இரசிகர்களுக்கு மட்டுமே உரிய கேள்விகள் எனத் தள்ளிவிட முடியாது. வாங்கி ஓட்டும் நாடுகளாக இருந்து, வடிவமைத்து விற்கும் நாடுகளாக மாற விரும்பும் தெற்காசியா முழுவதற்கும் உரிய கேள்விகள் இவை.

மஹிந்திரா இருசக்கர வாகனத் துறைக்குள் வந்தது 2008ஆம் ஆண்டில். அவ்வாண்டு கைனெட்டிக் நிறுவனத்தின் ஸ்கூட்டர் தொழிலை அது தன்வசப்படுத்தியது. இத்தாலியின் பொலோஞா நகருக்கு அருகே இயங்கிய எஞ்சின்ஸ் எஞ்சினியரிங் என்ற வடிவமைப்பு நிறுவனத்தையும் வாங்கியது. அந்த இத்தாலிய நிறுவனத்துக்கு 125சிசி உலகப் பந்தயங்களில் ஏற்கெனவே அனுபவம் இருந்தது. ஆகவே 2011இல் மஹிந்திரா உலகக் களத்தில் இறங்கியபோது பெயரும் நிறமும் புதியனவாக இருந்தனவே தவிர, வண்டியின் அடிப்படை பழையது. பிரித்தானியாவின் டானி வெப், ஜேர்மனியின் மார்செல் ஷ்ரோட்டர் ஆகியோர் அதனை ஓட்டினர். அப்பருவகாலத்தின் கடைசிப் பந்தயம் ஸ்பெயினின் வலென்சியாவில் நடைபெற்றது. 125சிசி பிரிவின் வரலாற்றிலேயே இறுதிப் பந்தயமும் அதுவே. ஈரமான தகுதிகாண் சுற்றில் டானி வெப் எல்லோரையும் முந்தி முதலாவது தொடக்க இடத்தைப் பிடித்தார். மழைக்கு ஒரு குணம் உண்டு. அது எஞ்சின்களின் ஏற்றத்தாழ்வைக் கழுவிவிடும். இக்கதையில் மழை மீண்டும் வரும்.

2012இல் விதிகள் மாறின. எமது கராஜ்காரர்கள் டூ ஸ்ட்ரோக் என்று சொல்லும் பழைய 125சிசி எஞ்சின்கள் கைவிடப்பட்டு, மோட்டோ 3 என்ற புதிய பிரிவு தோன்றியது. 250சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். சுழற்சி வேகத்துக்கு வரம்பு, எஞ்சினின் விலைக்கும் வரம்பு. பணக்கார நிறுவனங்கள் ஏழை அணிகளை விழுங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். எல்லோரும் புதிதாகத் தொடங்குவதால் புதியவருக்கு இது நல்ல வாய்ப்பு எனத் தோன்றலாம். நடந்தது வேறு. பந்தய எஞ்சின்களில் பல பத்தாண்டு அனுபவம் கொண்ட ஜப்பானின் ஹொண்டாவும் ஒஸ்ட்ரியாவின் கே.ரி.எம். நிறுவனமும் புதிய விதிகளுக்கு உரிய எஞ்சின்களை உறுதியாகச் செய்து முடித்தன. மஹிந்திராவின் வண்டியோ வேகமும் இன்றி, நம்பகமும் இன்றித் தடுமாறியது. ஷ்ரோட்டர் பருவகாலத்தின் இடையிலேயே அணியை விட்டு விலகினார். அணியின் வரலாற்றில் அதைப் போன்ற இருண்ட ஆண்டு வேறில்லை எனலாம்.

ஒரு பந்தய வண்டி வேகம் குறைந்தது என்று சொல்லும்போது நாம் எதனைக் கருதுகின்றோம் என்பதை இங்கே சற்று விளக்குவது பொருத்தமானது. கந்தளாயிலிருந்து புறப்படும் இரு வண்டிகளில் ஒன்று திருகோணமலையை முதலில் அடையும், மற்றது பின்னால் வரும் என்ற கணக்கு அல்ல இது. ஒரு சுற்றில் அரைச் செக்கன் பிந்தினால், 20 சுற்றுகளில் பத்துச் செக்கன் பிந்துவோம். மோட்டோ 3 பந்தயங்களிலோ முதல் பத்துப் பேர் ஓரிரு செக்கன்களுக்குள் முடிவுக்கோட்டைக் கடப்பது வழக்கமான காட்சி. புள்ளிகள் கிடைப்பது முதல் 15 இடங்களுக்கு மட்டுமே. ஆகவே கண்ணால் காண முடியாத குறை கூட ஒருவரை வெற்றி மேடையிலிருந்து வெறுங்கைக்குத் தள்ளிவிடும்.

அக்குறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியமானது. எஞ்சின் வலு குறைந்த வண்டி, வளைவிலிருந்து வெளிவரும்போது பின்தங்கும். நேர்ப்பாதையில் முன்செல்லும் வண்டியின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். அந்த மறைவு விலகியதும் ஐந்தாறு பேர் ஒருங்கே கடந்து போவார்கள். இழந்ததை ஓட்டுநர் எங்கே மீட்பது? பிரேக் பிடிக்கும் இடத்தில்தான். மற்றவர்களை விடப் பிந்திப் பிரேக் பிடித்து, வளைவுக்குள் மற்றவர்களை விட வேகமாக நுழைந்தாக வேண்டும். அப்போது முழுச் சுமையும் முன்சக்கரத்தின் மீது விழுகிறது. முன்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் மீட்சி இல்லை. சுருங்கக் கூறின், பட்டறையில் தீர்க்கப்படாத குறையை ஓட்டுநர் தமது உடலால் ஈடுசெய்கிறார். பந்தய விபத்துகளைத் தொலைக்காட்சியில் காண்போர், விழுந்தவரின் அவசரத்தைக் குறைகூறுவது வழக்கம். அவருக்கு அந்த அவசரத்தைக் கொடுத்தது எது என்று கேட்போர் குறைவு. தேய்ந்த டயருடனும் வலுவற்ற பிரேக்குடனும் பஸ்ஸை முந்த முனையும் எமது பிரதேச இளைஞர்கள் விடயத்திலும் நாம் இப்படித்தான் பேசுகின்றோம் என்பது வேறு விடயம்.

2012இன் தோல்விக்குப் பின்னர் மஹிந்திரா எடுத்த முடிவு நேர்மையானது. வண்டி சரியில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, ஓட்டுநர்களை மட்டும் மாற்றிவிட்டு அமராமல், வண்டியையே கைவிட்டது. சுவிற்சர்லாந்தின் சூட்டர் நிறுவனத்துடன் சேர்ந்து முற்றிலும் புதிய வண்டியொன்றை உருவாக்கி 2013இல் களமிறக்கியது. போர்த்துக்கல் நாட்டின் இளம் வீரர் ஒலிவேராவும் ஸ்பெயினின் எஃப்ரென் வாஸ்கெஸும் அதனை ஓட்டினர். அவ்வாண்டு மோட்டோ 3 பிரிவின் 17 பந்தயங்களையும் கே.ரி.எம். எஞ்சின் பூட்டிய வண்டிகளே வென்றன. ஒன்றைக்கூட வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தகைய ஆண்டில், ஒக்டோபர் மாதம் மலேசியாவின் செப்பாங் ஓடுபாதையில் ஒலிவேரா மூன்றாமிடம் பெற்று மஹிந்திராவை முதன்முறையாக வெற்றி மேடையில் ஏற்றினார். பருவகால முடிவில் தயாரிப்பாளர் தரவரிசையிலும் மஹிந்திரா மூன்றாமிடத்தைப் பெற்றது. ஓராண்டுக்கு முன்னர் அடிமட்டத்தில் கிடந்த அணிக்கு இது சிறிய சாதனையன்று.

2014இல் நெதர்லாந்தின் அசென் ஓடுபாதையில் ஒலிவேரா மூன்றாமிடமும், ஜேர்மனியில் தென்னாபிரிக்க வீரர் பிண்டர் இரண்டாமிடமும் பெற்றனர். பின்னர் இருவரும் கே.ரி.எம். வண்டிக்கு மாறினர். அம்மாற்றத்தின் விளைவு பந்தய வண்டியின் தன்மையைப் பற்றி எந்தப் பொறியியல் நூலையும் விடத் தெளிவாகப் பேசுகிறது. மஹிந்திராவில் இரண்டு ஆண்டுகள் ஓட்டி ஒரு பந்தயத்தையும் வெல்லாத ஒலிவேரா, 2015இல் ஆறு பந்தயங்களை வென்று உலகத் தரவரிசையில் இரண்டாமிடம் பெற்றார். பிண்டர் 2016இல் உலகச் சம்பியன் ஆனார். ஓட்டுநர் அவரே, கைகள் அவையே, மாறியது வண்டி மட்டுமே.

2015 முதல் மஹிந்திரா தனது நேரடி அணியைக் கலைத்து, ஸ்பெயினின் அஸ்பார் அணியுடன் கைகோத்தது. அங்கேதான் பக்னாயாவும் மார்ட்டினும் சேர்ந்தனர். 2015இல் பிரான்ஸின் லெ மான்ஸில் பக்னாயா மூன்றாமிடம் பெற்றார். 2016 ஜூன் 26ஆம் திகதி அசெனில் அவர் முதலிடம் பெற, மஹிந்திராவின் முதலாவது உலகப் பந்தய வெற்றி பதிவாகியது. களமிறங்கி ஆறாவது பருவகாலத்தில் கிடைத்த வெற்றி அது. அதே ஆண்டு ஓகஸ்டில் செக் நாட்டின் பர்னோ நகரில் கொட்டும் மழையில் ஸ்கொட்லாந்து வீரர் ஜோன் மெக்பீ பியூஜோ என்ற பெயர் பொறித்த வண்டியில் வென்றார், மார்ட்டின் மஹிந்திராவில் இரண்டாமிடம் பெற்றார். பியூஜோவின் இருசக்கர வாகனப் பிரிவின் பெரும்பான்மைப் பங்கை மஹிந்திரா முன்னரே வாங்கியிருந்ததால், அந்தப் பியூஜோவும் உண்மையில் நிறம் மாற்றிய மஹிந்திராவே. ஒக்டோபரில் செப்பாங்கில் பக்னாயா மீண்டும் வென்றார். பருவகால முடிவில் அவர் நான்காமிடம்.

இங்கே மகிழ்ச்சியுடன் நிறுத்திவிட மனம் விரும்பும். ஆனால் அந்த வெற்றிகள் எங்கே, எப்படிக் கிடைத்தன என்பதைப் பார்க்க வேண்டும். அசென், எஞ்சின் வலுவை விட வளைவுகளில் வேகத்தைக் காக்கும் திறனுக்கு இடமளிக்கும் ஓடுபாதை. பர்னோவில் மழை. செப்பாங்கில் முன்னணி வீரர்கள் பலர் தொடக்கத்திலேயே ஒருவர்பின் ஒருவராக விழுந்தனர். வெற்றியின் பெருமையை இது குறைக்கவில்லை. விழாமல் நின்று வெல்வதும் திறமையே. ஆயினும், காய்ந்த தரையில், நீண்ட நேர்ப்பாதையில், எல்லோரும் எழுந்து நிற்கும் சாதாரண ஞாயிறு ஒன்றில் ஹொண்டாவையும் கே.ரி.எம். வண்டியையும் வெல்லும் எஞ்சின் மஹிந்திராவிடம் அப்போதும் இருக்கவில்லை என்பதே உண்மை. நல்ல ஓட்டுநர் குறையை மறைத்தார். அதைக் கண்டு குறை தீர்ந்ததாக எவரேனும் நம்பியிருந்தால், 2017 அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

பக்னாயாவும் மார்ட்டினும் விலகிய அந்த ஆண்டில் வண்டி மறுபடியும் பின்வரிசைக்குச் சென்றது. ஓட்டியவர்கள் சாமானியர்கள் அல்லர். அஸ்பார் அணியின் லொரென்சோ டலா போர்ட்டா 2019இலும், அல்பேர்ட் அரேனாஸ் 2020இலும் வேறு வண்டிகளில் மோட்டோ 3 உலகச் சம்பியன்கள் ஆனவர்கள். வருங்காலச் சம்பியன்கள் இருவரைக் கொண்டும் அந்த வண்டியை முன்னால் கொண்டுவர முடியவில்லை. பருவகாலத்தின் இடையிலேயே, ஆண்டிறுதியுடன் விலகப்போவதாக மஹிந்திரா அறிவித்தது. மின்சாரக் கார்களின் ஃபோர்முலா ஈ பந்தயத்தில் கவனத்தைக் குவிக்கப்போவதாகக் காரணம் கூறப்பட்டது. அது பொய்யான காரணமன்று. 2017 ஜூன் மாதம் பேர்லினில் மஹிந்திரா அக்களத்தில் தனது முதல் வெற்றியைப் பெற்றிருந்தது. எனினும், வேறொரு காரணமும் வெளிப்படையாகவே தெரிந்தது. இந்தியச் சந்தையில் மஹிந்திராவின் மோட்டார் சைக்கிள்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. இத்தாலியில் ஓடிய பந்தய வண்டிக்கும் இந்தியக் கடையில் நின்ற வண்டிக்கும் இடையே பெயரைத் தவிர அதிக உறவு இருக்கவுமில்லை. விற்பனைக்கு உதவாத பந்தயத்துக்கு எந்த நிறுவனமும் நெடுங்காலம் காசோலை எழுதாது. கடைசி வெற்றி மேடை 2017 ஒக்டோபரில் ஜப்பானின் மொட்டேகியில், பெட்செக்கி பெற்ற மூன்றாமிடம். அன்றும் மழை.

மஹிந்திரா புதியது, அனுபவமற்றது, ஆகவே தோற்றது என்று கூறி முடித்துவிடலாம் அல்லவா? அப்படிக் கூறுவோர் அடுத்து நடந்ததையும் கவனிக்க வேண்டும். மஹிந்திராவை மோட்டோ 3 பிரிவில் மிதித்துச் சென்ற ஹொண்டா, உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர். 2019இல் அதன் வீரர் மார்க் மார்க்கெஸ் 420 புள்ளிகளுடன் உலகச் சம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு ஜூலை 19ஆம் திகதி ஸ்பெயினின் ஹெரெஸ் ஓடுபாதையில் விழுந்து வலது மேற்கை எலும்பை முறித்துக்கொண்டார். அவ்வாண்டு ஹொண்டா உயர்பிரிவில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஹொண்டா வண்டி சில காலமாகவே மற்ற ஓட்டுநர்களால் ஓட்ட முடியாத வண்டியாக மாறியிருந்தது. மார்க்கெஸ் ஒருவர் மட்டும் முன்சக்கரத்தை வழுக்கவிட்டு, முழங்கையாலும் முழங்காலாலும் தாங்கிப் பிடித்து, வெற்றிகளைக் கொணர்ந்தார். வெற்றி வந்துகொண்டிருந்ததால் பட்டறை விழிக்கவில்லை. மஹிந்திராவில் பக்னாயா மறைத்த குறையைப் போலவே, இங்கும் ஒருவரின் திறமை ஒரு நிறுவனத்தின் குறையை மறைத்தது. வேறுபாடு அளவில் மட்டுமே.

பின்னர் நடந்தவை இரசிகர்கள் அறிந்தவை. மார்க்கெஸின் கையில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். 2022இல் ஜேர்மனியின் சாக்சன்ரிங் பந்தயத்தில் ஹொண்டாவின் ஒரு வீரர்கூடப் புள்ளி பெறவில்லை. உயர்பிரிவில் 1982க்குப் பின்னர் நேர்ந்திராத அவமானம் அது. அதே ஓடுபாதையில் தாம் தொடங்கிய 11 பந்தயங்களை அடுத்தடுத்து வென்றிருந்த மார்க்கெஸ், 2023இல் ஒரே வாரயிறுதியில் ஐந்து முறை விழுந்து, பந்தயத்தில் பங்குபற்றாமலேயே வெளியேறினார். அவ்வாண்டின் இறுதியில், ஒப்பந்தத்தில் ஓராண்டு எஞ்சியிருக்க, ஹொண்டாவை விட்டு விலகிக் கிரெசினி என்ற தனியார் அணியில், முந்திய ஆண்டின் டுகாட்டி வண்டியை ஏற்றுக்கொண்டார். 1,043 நாட்களின் பின்னர் 2024 செப்டெம்பர் முதலாம் திகதி ஆரகோனில் மறுபடியும் வென்றார். அவர் இல்லாத ஹொண்டா 2024 முழுவதும் சேர்த்த தயாரிப்பாளர் புள்ளிகள் 75. டுகாட்டி சேர்த்தவை 722. முப்பது ஆண்டுகள் ஹொண்டாவின் மீது தன் பெயரைப் பொறித்திருந்த ஸ்பெயினின் ரெப்சோல் எண்ணெய் நிறுவனமும் அவ்வாண்டுடன் விடைபெற்றது.

எனினும் ஹொண்டா களத்தை விட்டு விலகவில்லை. இக்கட்டத்தில் விதிகளும் அதற்குக் கைகொடுத்தன. 2023இன் இறுதியில் அறிமுகமான புதிய முறையின்படி, தயாரிப்பாளர்கள் பெறும் புள்ளிகளின் விகிதத்தைக் கொண்டு அவர்கள் ஏ முதல் டி வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். பெறக்கூடிய புள்ளிகளில் 85 வீதத்துக்கு மேல் பெற்றவர் ஏ, 35 வீதத்துக்குக் குறைந்தவர் டி. கடைநிலையில் இருப்பவருக்குக் கூடுதல் சோதனை டயர்கள், பந்தய வீரர்களையே கொண்டு சோதனை ஓட்டம் நடத்தும் உரிமை, பருவகாலத்தின் இடையில் எஞ்சினைத் திருத்தும் சுதந்திரம் ஆகியன உண்டு. முதல்நிலையில் இருப்பவருக்கு இவை இறுக்கப்படுகின்றன. தோற்பவருக்குப் பரிசுப் பணம் அல்ல, கற்பதற்கான நேரம் வழங்கப்படுகிறது. பின்தங்கிய பாடசாலைக்குக் கூடுதல் ஆசிரியர் வழங்குவதை ஒத்த ஏற்பாடு இது. போட்டியின் தூய்மை கெடும் என்று சிலர் ஆட்சேபித்தனர். எமது கருத்தில் அந்த ஆட்சேபம் வலுவற்றது. ஒரே நிறுவனம் 20 பந்தயங்களில் 19ஐ வெல்லும் போட்டியில் எஞ்சியிருப்பது தூய்மையா என்பதே கேள்வி.

ஹொண்டா மற்றொன்றும் செய்தது. ஜப்பானியப் பொறியியலாளர்களே தலைமை தாங்க வேண்டும் என்ற நெடுங்கால வழக்கத்தைத் தளர்த்தி, அப்ரிலியாவிலிருந்து இத்தாலியரான ரோமானோ அல்பெசியானோவைத் தொழில்நுட்பப் பொறுப்புக்குக் கொணர்ந்தது. 2025 மே மாதம் லெ மான்ஸில் பிரான்ஸ் வீரர் ஜோஹான் சார்கோ ஹொண்டாவில் வென்றார். மழைதான். ஆனால் அடுத்த பந்தயத்திலேயே சில்வர்ஸ்ரனில், காய்ந்த தரையில், அவர் இரண்டாமிடம் பெற்றார். ஆண்டு முடிவில் ஹொண்டா டி நிலையிலிருந்து சி நிலைக்கு உயர்ந்தது. மழையில் மட்டும் வென்ற வண்டிக்கும் காய்ந்த தரையிலும் நிற்கத் தொடங்கிய வண்டிக்கும் உள்ள இடைவெளியே மஹிந்திரா கடக்காமல் விட்ட இடைவெளி.

2025 செப்டெம்பர் 28ஆம் திகதி ஹொண்டாவுக்குச் சொந்தமான மொட்டேகி ஓடுபாதையின் வெற்றி மேடையில் நின்ற மூவரைப் பாருங்கள். முதலிடத்தில் பக்னாயா, இரண்டாமிடத்தில் அன்றைய தினம் மீண்டும் உலகச் சம்பியனான மார்க்கெஸ், மூன்றாமிடத்தில் ஹொண்டாவில் ஜொவான் மிர். ஹொண்டா இழந்த வீரரும், ஹொண்டா மீட்கத் தொடங்கிய வண்டியும், மஹிந்திராவில் பயின்ற மாணவரும் ஒரே மேடையில். அந்த மாணவர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெஸ் சம்பியனான அதே டுகாட்டியில் பக்னாயா அவ்வாண்டு பெரும்பாலும் தடுமாறி ஐந்தாமிடத்திலேயே முடித்தார். நல்ல வண்டி, கெட்ட வண்டி என்று நாம் எளிதாகப் பிரித்தாலும், ஒருவருக்கு அமைந்த வண்டி மற்றொருவருக்கு அமைவதில்லை. எஞ்சின் வலுவை அளக்கக் கருவி உண்டு, இதற்கு இல்லை.

இனி, பாடம் யாரிடம் தங்கியது என்ற கேள்விக்கு வருவோம். இத்தாலியிலும் சுவிற்சர்லாந்திலும் வரையப்பட்டு, ஐரோப்பியரால் ஓட்டப்பட்ட மஹிந்திரா வண்டிக்கு அந்த ஏழு ஆண்டுகளில் முழுநேர இந்திய வீரர் ஒருவர் வாய்க்கவில்லை. 2011இல் 125சிசி உலகப் பந்தயத்தில் களமிறங்கிய சென்னை வீரர் சரத்குமார்கூட வேறோர் அணியின் வண்டியையே ஓட்டினார். நிறுவனம் விலகியதும் ஓட்டுநர்கள் தமது கைகளில் கற்றதை எடுத்துக்கொண்டு வேறு வண்டிகளுக்குச் சென்றனர். பொறியியலாளர்களும் அவ்வாறே. 2023 செப்டெம்பரில் டில்லிக்கு அருகேயுள்ள புத்தா ஓடுபாதையில் இந்தியா நடத்திய ஒரேயொரு மோட்டோ ஜிபி பந்தயத்தை வென்றவர் யார் தெரியுமா? மஹிந்திராவைக் கடைசியாக வெற்றி மேடையில் ஏற்றிய அதே பெட்செக்கி. ஆனால் அவர் ஓட்டியது இத்தாலியின் டுகாட்டி. இந்தியப் பார்வையாளர்கள் கைதட்டினர். அந்த இளைஞருக்கு முன்பு வண்டி கொடுத்தது தமது நாடு என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

இதற்கு மாறான வழியும் இந்தியாவிலேயே உண்டு. தமிழ்நாட்டின் ஓசூரைத் தளமாகக் கொண்ட ரி.வி.எஸ். நிறுவனம் 1980களிலிருந்து உள்நாட்டுப் பந்தயங்களில் தனது கடைவண்டிகளின் உறவினரையே ஓட்டி வருகிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் இந்திய வீரரும் இந்தியப் பொறியியலாளரும் தோற்றும் வென்றும் கற்கின்றனர். உலக மேடையின் ஒளி அங்கு இல்லை. ஆனால் கற்றது ஊரை விட்டுப் போவதுமில்லை. எமது நாட்டிலும் சாலியபுர கஜபா சுப்பர்கிரொஸ் போன்ற பந்தயங்கள் உண்டு. வண்டிகள் மட்டும் முழுக்க வெளியிலிருந்து வருபவை. அவற்றைத் திருத்துவதில் எம்மவர் காட்டும் திறமை வியக்கத்தக்கது. அத்திறமையை வடிவமைப்பாக உயர்த்தும் நிறுவனம்தான் இல்லை. போட்டியில் நிற்க முடியாத ஆலையை மூடிவிட்டால் கட்டடத்துடன் கைத்தொழில் அறிவும் சேர்ந்தே துருப்பிடிக்கும் என்பதற்கு, 1990களின் முற்பகுதியில் மூடப்பட்ட கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை கண்முன்னே சாட்சியாக நிற்கிறது.

மஹிந்திரா விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. அதே அஸ்பார் அணிக்குப் பின்னர் வந்தது சீனாவின் சிஎஃப்மோட்டோ. அது சொந்த எஞ்சினுக்காகத் தவங்கிடக்கவில்லை. கே.ரி.எம். வண்டியை வாங்கித் தனது பெயரைப் பொறித்தது. 2024இல் கொலம்பிய வீரர் டேவிட் அலொன்சோ அவ்வண்டியில் 14 பந்தயங்களை வென்று மோட்டோ 3 உலகச் சம்பியன் ஆனார். மஹிந்திராவின் வழி கடினமானது, சிஎஃப்மோட்டோவின் வழி இலகுவானது. வண்டி விற்பதே நோக்கமாயின் இலகுவான வழியே புத்திசாலித்தனம் எனக் கொள்ளலாம். வண்டி செய்யக் கற்பதே நோக்கமாயின் நிலைமை வேறு.

மூன்றாவது வழி ஒன்றும் திறந்திருக்கிறது. 2013இல் 17 பந்தயங்களையும் மஹிந்திராவிடமிருந்து பறித்துச் சென்ற கே.ரி.எம்., 2024 நவம்பரில் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. அதனைக் கைதூக்கிவிட்டது, 2007 முதல் அதில் பங்கு வைத்திருந்த பூனே நகரின் பஜாஜ் நிறுவனம். 2025ஆம் ஆண்டின் இறுதியில் கே.ரி.எம். நிறுவனத்தின் கட்டுப்பாடு பஜாஜின் கைக்கு வந்தது. கந்தளாய் வயல் வீதிகளில் மூட்டை சுமக்கும் வண்டியின் சொந்தக்காரர், இன்று மோட்டோ ஜிபி களத்தில் ஒரு பந்தயப் பட்டறையின் சொந்தக்காரரும் ஆவார். 2027இல் உயர்பிரிவின் எஞ்சின் அளவு 1000சிசியிலிருந்து 850சிசியாகக் குறைக்கப்படுகிறது. எல்லாத் தயாரிப்பாளர்களும் வெற்றுத்தாளில் புதிய எஞ்சினை வரைய வேண்டும், சலுகைக் கணக்கிலும் எல்லோரும் பி நிலையிலிருந்தே தொடங்குவர். 2012இல் மஹிந்திரா சந்தித்ததும் அத்தகையதொரு வெற்றுத்தாள்தான். இம்முறை அதை வரையும் மேசைகளில் எத்தனை பூனேயில் இருக்கும், எத்தனை ஒஸ்ட்ரியாவில் இருக்கும் என்பதைப் பஜாஜ் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.